கணனி படிக்கப் போகும் முன்: அடுத்த கதவு எது?

(சாதாரண தரப் பரீட்சை எழுதிய பிள்ளைகளுக்கும் பெற்றோருக்குமாகத் தோட்டச் சமூக மண்டபத்தில் நிகழ்த்திய பேச்சு. அன்று வர முடியாதவர்களும் வாசித்துப் பயன்பெற வேண்டும் என்பதற்காக இங்கே எழுத்தில் தருகிறோம்.)



இன்று ஞாயிற்றுக்கிழமை. துணி துவைக்கிற நாள், டவுனுக்குப் போய்ச் சாமான் வாங்குகிற நாள், கொஞ்சம் காலை நீட்டி உட்காருகிற நாள். அதையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு நீங்கள் இங்கே வந்திருக்கிறீர்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் நேரே விஷயத்துக்கு வருகிறோம்.

நாங்கள் தோட்டம் தோட்டமாகப் போகும்போது, "பிள்ளை மேல என்ன படிக்கப் போகுது?" என்று கேட்பது வழக்கம். முன்பெல்லாம் "டீச்சர் வேலைக்குங்க" என்பார்கள். இப்போது பல வீடுகளில் வருகிற பதில், "கம்பியூட்டர் படிக்க வைக்கப் போறோம்ங்க" என்பதுதான். நல்ல பதில். ஆனால், "கம்பியூட்டரில் என்ன படிப்பு? எங்கே? அதை முடித்தால் அடுத்து என்ன?" என்று கேட்டால் வீடு அமைதியாகி விடுகிறது. அந்த அமைதியைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறோம்.

ஒரு தாயின் கேள்வி

ஒரு தோட்டத்தில் ஒரு தாய் எங்களைத் தேடி வந்தார். கையில் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு சான்றிதழ். தங்க நிறத்தில் முத்திரை, ஓரமெல்லாம் பூ வேலை. மகன் டவுனில் ஓர் இடத்தில் ஆறு மாதம் கணனி படித்து வாங்கியது. அந்தப் பணத்துக்காகத் தன் தோட்டையும் சங்கிலியையும் அடகு வைத்திருந்தார். "வேலைக்குக் கொண்டு போனா, இது என்.வீ.கியூ. இல்லைன்னு திருப்பிக் குடுத்துட்டாங்க. மேல படிக்கப் போனா, இதைச் சேர்க்க மாட்டோம்னு சொல்றாங்க. அப்ப இது என்னங்க?" என்று கேட்டார்.

எங்களுக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. ஏனென்றால் "கம்பியூட்டர் படிங்க, காலம் அப்படித்தான் போகுது" என்று இதேபோன்ற கூட்டங்களில் சொன்னவர்களில் நாங்களும் உண்டு. எங்கே படிப்பது, எதைப் பார்த்துச் சேர்வது என்று நாங்கள் சொல்லவில்லை. அது எங்கள் பிழை. அந்தப் பிழையைத் திருத்தும் பேச்சாக இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பையன் படிக்காமல் இல்லை. தட்டச்சுச் செய்யவும் கடிதம் அடிக்கவும் கணக்குத் தாள் போடவும் கற்றிருந்தான். பயனுள்ளவைதான். ஆனால் அவன் போன பாதை ஆறாவது மாதத்தோடு ஒரு சுவரில் முட்டி நின்றது. ஆகவே இன்று நாங்கள் சொல்லப்போவது ஒரே ஒரு விஷயம். படிப்பின் பெயரைப் பார்த்துச் சேராதீர்கள். சான்றிதழின் அழகைப் பார்த்தும் சேராதீர்கள். அது அடுத்து எந்தக் கதவைத் திறக்கும் என்று கேட்டுவிட்டுச் சேருங்கள்.

கணனி வேலை ஒன்றல்ல

முதலில் ஒரு விளக்கம். தோட்டத்தில் வேலை என்றால் கொழுந்து எடுப்பதும் உண்டு, கவ்வாத்து வெட்டுவதும் உண்டு, பெக்டரியில் அரைப்பதும் உண்டு, ஆபீசில் செக்ரோல் எழுதுவதும் உண்டு. கணனித் துறையும் அதே மாதிரிதான். மெஷினைத் திறந்து பழுது பார்ப்பவர் ஒருவர். கணனிகளை ஒன்றோடொன்று இணைத்து வலையமைப்பைப் பராமரிப்பவர் ஒருவர். நிரல் எழுதி மென்பொருள் செய்பவர் ஒருவர். செய்த மென்பொருளில் பிழை இருக்கிறதா என்று சோதிப்பவர் ஒருவர். படமும் பக்கமும் வடிவமைப்பவர் இன்னொருவர். ஒரு கம்பனிக்கு என்ன தேவை என்று கேட்டு அதை நிரலாளருக்கு விளங்கும்படி எழுதிக் கொடுப்பவரும் இருக்கிறார்.

இவை நமக்குத் தூரமான விஷயங்களும் அல்ல. கொழும்புத் தேயிலை ஏலம் 1883 இல் தொடங்கியது. ஒரு மண்டபத்தில் கூடி, குரல் கொடுத்து விலை கேட்டுத்தான் நீண்ட காலம் அது நடந்தது. 2020 ஏப்ரலில், கொரோனா ஊரடங்கு நேரத்தில், அது கணனி வழி ஏலமாக மாறியது. நீங்கள் பறித்த கொழுந்துக்கு விலை வைக்கிற இடத்திலேயே கணனி வந்து உட்கார்ந்துவிட்டது. பல தோட்டங்களில் செக்ரோலும் கணனியில்தான் போகிறது. ஆகவே இந்த வேலைகளைச் செய்யும் ஆட்களில் நம் பிள்ளைகளும் இருக்கலாம், இருக்கவும் வேண்டும்.

வேர் இரண்டு

தவறணையில் கன்று வைப்பவர்களுக்கு நாங்கள் பாடம் சொல்லத் தேவையில்லை. இலை பச்சையாக இருக்கிறதே என்று வேர் பிடிக்காத கன்றைக் கொண்டுபோய் மலையில் நட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். கணனிப் படிப்புக்கும் இரண்டு வேர் உண்டு. ஒன்று கணிதம். மற்றது ஆங்கிலம்.

கணிதம் ஏன்? கணனிக்கு நாம் கொடுப்பது கட்டளை. எதை முதலில் செய்வது, எதை அடுத்துச் செய்வது, இப்படி ஆனால் என்ன, அப்படி ஆகாவிட்டால் என்ன என்று ஒழுங்காக யோசிக்கப் பழக வேண்டும். அந்தப் பழக்கத்தைத் தருவது கணிதம். இலங்கையில் கணனிக் கல்விக்கு வித்திட்டவர் என்று போற்றப்படும் பேராசிரியர் வீ. கே. சமரநாயக்க கணிதமும் புள்ளிவிபரவியலும் கற்பித்தவர்தான். அவருடைய முயற்சியால் 1987 இல் கொழும்புப் பல்கலைக்கழகத்தில் கணனித் தொழினுட்ப நிறுவகம் தொடங்கியது. 2002 இல் உருவான அப்பல்கலைக்கழகத்தின் கணனிக் கல்லூரி அதன் தொடர்ச்சியே.

ஆங்கிலம் ஏன்? சாதாரண தரத்திலும் உயர்தரத்திலும் தகவல் தொடர்பாடல் தொழினுட்பத்தை, அதாவது ஐ.சி.டி. பாடத்தை, தமிழில் படிக்கலாம், தமிழிலேயே பரீட்சையும் எழுதலாம். ஆனால் நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களில் கணனிப் பட்டங்கள் ஆங்கிலத்தில்தான் நடக்கின்றன. வேலைக்கான நேர்முகப் பரீட்சையும் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான். "அங்க போய்ப் பாத்துக்கலாம்" என்று விட்டால், அங்கே போய் அழ வேண்டி வரும்.

எனவே தரம் 10, 11 இல் இருக்கும் பிள்ளைகளுக்கு எமது ஆலோசனை இது. உங்கள் பாடசாலையில் ஐ.சி.டி. பாடம் இருந்தால் எடுங்கள். ஆசிரியர் இல்லை, கணனி அறை பூட்டிக் கிடக்கிறது என்றால் மனம் தளர வேண்டாம். அந்தப் பாடம் இல்லாமலும் பின்னால் கணனித் துறைக்குப் போகலாம். கணிதம் இல்லாமல் போவதுதான் கடினம். டியூஷனுக்குக் கொடுக்க ஒரு பாடத்துக்குத்தான் பணம் இருக்கிறது என்றால், அதைக் கணிதத்துக்குக் கொடுங்கள். ஆங்கிலத்துக்குத் தினமும் அரை மணி நேரம் ஒதுக்கி, சத்தமாக வாசிக்கப் பழகுங்கள்.

உயர்தரத்தில் எந்தப் பிரிவு?

சாதாரண தரம் நல்லபடியாக வந்தவர்களுக்கு உயர்தரத்தில் பல வழிகள் உண்டு.

முதலாவது, கணிதப் பிரிவு. இணைந்த கணிதம், பௌதிகவியல், அவற்றோடு மூன்றாவதாக இரசாயனவியல் அல்லது ஐ.சி.டி. எடுப்பது வழக்கம். இங்கே ஒரு எச்சரிக்கை. கணனி விஞ்ஞானப் பட்டத்துக்கு விண்ணப்பிக்க ஐ.சி.டி. எடுத்திருந்தாலும் வழி உண்டு. ஆனால் பொறியியல் பீடத்துக்குப் போக இரசாயனவியல் வேண்டும். "கம்பியூட்டர்தானே படிக்கப் போறேன்" என்று இரசாயனத்தை விட்டுவிட்டு, பிறகு மனம் மாறினால் பொறியியல் கதவு மூடியிருக்கும். இதைத் தெரிந்துகொண்டு தீர்மானியுங்கள்.

இரண்டாவது, 2013 இல் பாடசாலைகளுக்கு வந்த தொழினுட்பப் பிரிவு. பொறியியல் தொழினுட்பவியல் அல்லது உயிர்முறைமைகள் தொழினுட்பவியல் ஒரு பாடம், தொழினுட்பத்துக்கான விஞ்ஞானம் மற்றப் பாடம், மூன்றாவதாக ஐ.சி.டி.யை எடுக்கலாம். பல்கலைக்கழகங்களின் தொழினுட்பப் பீடங்களில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பட்டத்துக்கு இது வழி. நல்ல வழிதான். ஆனால் உங்கள் பாடசாலையில் அல்லது பக்கத்துப் பாடசாலையில் தமிழ் மொழியில் இப்பிரிவு நடக்கிறதா, எல்லாப் பாடத்துக்கும் ஆசிரியர் இருக்கிறார்களா என்று முதலிலேயே போய் விசாரியுங்கள்.

மூன்றாவது, வர்த்தகம் அல்லது கலைப் பிரிவு. "மலையகத்துல கணிதப் பிரிவு இருக்கிற பாடசாலை தூரமுங்க, அங்க அனுப்ப வசதியில்ல" என்று சொல்லும் பெற்றோரை நாங்கள் குறை சொல்ல மாட்டோம். வர்த்தகம் படித்தவர்களையும் கலை படித்தவர்களையும் ஏற்கும் கணனி சார்ந்த பட்டங்கள் உண்டு. ஆனால் அவற்றுக்குச் சாதாரண தரக் கணித, ஆங்கிலப் பெறுபேறுகளைக் கேட்பார்கள். மறுபடியும் அதே இரண்டு வேர்.

எந்தப் பட்டத்துக்கு எந்தப் பாடம் வேண்டும் என்பதைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஒவ்வொரு ஆண்டும் ஒரு கைந்நூலில் வெளியிடுகிறது. தமிழிலும் அது கிடைக்கும். பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னதை நம்பாதீர்கள். அவர் படித்த ஆண்டின் விதி இப்போது மாறியிருக்கலாம். கைந்நூலைப் பாருங்கள்.

மாவட்டக் கோட்டாவையும் சொல்ல வேண்டும். பல பாடநெறிகளுக்கு இடங்கள் பிரிக்கப்படும் முறை இது: 40 சதவீதம் நாடு முழுவதற்குமான திறமை அடிப்படையில், 55 சதவீதம் மாவட்டச் சனத்தொகை அடிப்படையில், 5 சதவீதம் கல்வி வசதி குறைந்த 16 மாவட்டங்களுக்கு. நுவரெலியா, பதுளை, மொனராகலை, இரத்தினபுரி ஆகியவை இந்த 16 இல் அடங்கும். கண்டி, மாத்தளை, கேகாலை, களுத்துறை அடங்கா. பிள்ளை எந்த மாவட்டத்தவர் என்று தீர்மானிப்பதில் படித்த பாடசாலையும் கவனிக்கப்படுகிறது. ஆகவே உயர்தரத்துக்காகப் பிள்ளையை வேறு மாவட்டத்துக்கு அனுப்பும் முன், அந்தக் கைந்நூலில் இதற்கான விதியை ஒரு தடவை வாசித்துவிட்டு அனுப்புங்கள்.

பெறுபேறு சரியாக வராவிட்டால்

இனி, இந்த மண்டபத்தில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு. சாதாரண தரம் தவறியது, உயர்தரம் எட்டவில்லை என்றால் எல்லாம் முடிந்தது என்று நினைக்கிறீர்கள். அப்படி இல்லை.

என்.வீ.கியூ. என்பது தேசிய தொழிற்தகைமை. அது ஓர் ஏணி. ஒன்று முதல் ஏழு வரை படிகள் உண்டு. நான்காம் படி வரை சான்றிதழ், ஐந்தாம் படி தேசிய டிப்ளோமா, ஆறாம் படி உயர் தேசிய டிப்ளோமா, ஏழாம் படி பட்டத்துக்குச் சமம். கணனி வன்பொருள் திருத்துநர், தகவல் தொழினுட்பத் தொழினுட்பவியலாளர் போன்ற பயிற்சிகளை நான்காம் படியில் முடிக்கலாம். அதை வைத்துக்கொண்டு வேலைக்கும் போகலாம், மேலே ஏறவும் செய்யலாம். மேலே ஏறுபவர்களுக்காக இரத்மலானையில் யுனிவோட்டெக் என்ற தொழிற்கல்விப் பல்கலைக்கழகமே இருக்கிறது. உயர்தரம் இல்லாமல் பட்டம் வரை போகக்கூடிய வழி இது. நீண்ட வழி, ஆனால் நடுவில் சுவர் இல்லாத வழி.

இப்பயிற்சிகளை எங்கே பெறலாம்? தொழிற்பயிற்சி அதிகாரசபையின் நிலையங்கள், நைட்டா, தொழினுட்பக் கல்லூரிகள் ஆகியவை அரச இடங்கள். கண்டி, பதுளை, இரத்தினபுரி ஆகிய இடங்களில் தொழினுட்பக் கல்லூரிகள் உண்டு. தனியார் இடங்களைவிட இங்கே செலவு மிகக் குறைவு. தவிர, 2017 இல் தொடங்கிய 13 ஆண்டு உத்தரவாதக் கல்வித் திட்டத்தின்கீழ் சில பாடசாலைகளில் தொழிற்பாடப் பிரிவு ஆரம்பிக்கப்பட்டது. சாதாரண தரப் பெறுபேறு எப்படி இருந்தாலும் அதில் சேர இடமளித்தார்கள். உங்கள் பக்கத்தில் அது இருக்கிறதா என்று வலயக் கல்வி அலுவலகத்தில் விசாரிக்கலாம்.

இன்னொரு வழி பலருக்குத் தெரியாது. கொழும்பிலோ கண்டியிலோ கணனிக் கடையில் எடுபிடியாகச் சேர்ந்து, பார்த்துப் பார்த்தே மெஷின் திருத்தப் பழகிய நம் பையன்கள் எத்தனையோ பேர். கையில் தொழில் இருக்கிறது; பேப்பர் இல்லை. அப்படிப்பட்டவர்களின் திறமையைச் சோதித்து என்.வீ.கியூ. வழங்கும் முறை உண்டு. முன்கற்றலை அங்கீகரித்தல் என்று அதற்குப் பெயர். திரும்பவும் முதலிலிருந்து வகுப்புக்குப் போக வேண்டியதில்லை.

வேலை செய்துகொண்டே படிக்க

உயர்தரம் சித்தி, ஆனால் பல்கலைக்கழகத்துக்கு வெட்டுப்புள்ளி போதவில்லை. வீட்டிலும் சம்பளம் தேவை. இப்படி இருப்பவர்கள்தான் நம்மில் அதிகம். இவர்களுக்கும் வழி உண்டு.

கொழும்புப் பல்கலைக்கழகம் 2000 ஆம் ஆண்டு பி.ஐ.ரி. என்ற வெளிவாரிப் பட்டத்தைத் தொடங்கியது. வேலை செய்துகொண்டே படிக்கலாம். முதலாம் ஆண்டை முடித்தால் டிப்ளோமா, இரண்டாம் ஆண்டை முடித்தால் உயர் டிப்ளோமா, மூன்றாம் ஆண்டை முடித்தால் பட்டம். குடும்பக் கஷ்டத்தால் நடுவில் நிறுத்த நேர்ந்தாலும் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதில்லை. எங்களுக்கு இதில் பிடித்த விஷயமே அதுதான். ஆனால் பாடமும் பரீட்சையும் ஆங்கிலம். தானாகப் படிக்கும் ஒழுக்கமும் வேண்டும். சேர்ந்தவர் எல்லோரும் முடிப்பதில்லை என்பதையும் மறைக்காமல் சொல்கிறோம்.

இலங்கை உயர் தொழினுட்பக் கல்வி நிறுவகத்தின் கீழ் உள்ள இடங்களில், கண்டியிலும், தகவல் தொழினுட்பத்தில் உயர் தேசிய டிப்ளோமா நடக்கிறது. திறந்த பல்கலைக்கழகத்திலும் கணனி சார்ந்த படிப்புகள் உண்டு. அதற்குக் கண்டியில் பிராந்திய நிலையம் இருக்கிறது. மொறட்டுவைப் பல்கலைக்கழகம் இணையத்தில் இலவசமாக நிரல் எழுதும் பாடங்களைத் தருகிறது. சேருவதற்குப் பணம் இல்லை, வயதுத் தடை இல்லை. "பிள்ளைக்கு இந்தப் படிப்பு பிடிக்குமா, பிடிக்காதா?" என்று பணம் கட்டும் முன்பே பார்த்துவிட இதைவிட நல்ல வழி கிடையாது. இரண்டு மாதம் படித்துப் பார்க்கட்டும். இரவில் தூக்கம் கெட்டும் அந்தப் பிழையைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று உட்கார்ந்தால், அந்தப் பிள்ளைக்கு இது சரி வரும். மூன்றாம் நாளே விட்டுவிட்டால், அதிலும் நட்டமில்லை. வேறு நல்ல தொழில்கள் எவ்வளவோ இருக்கின்றன.

கைத்தொலைபேசியில் பாடம் பார்க்கலாம், நிரல் எழுதிப் பழகுவது கஷ்டம். சொந்தக் கணனி வாங்கக் கடன் படும் முன், பாடசாலைக் கணனி அறையைப் பின்னேரத்தில் திறந்து தர அதிபரிடம் கேளுங்கள். ஒரு பிள்ளை கேட்டால் முடியாது என்பார்கள். பத்துப் பெற்றோர் சேர்ந்து கேட்டால் யோசிப்பார்கள்.

பணம் கட்டும் முன் ஆறு கேள்வி

தனியார் இடங்கள் எல்லாம் மோசம் என்று நாங்கள் சொல்லவில்லை. நல்ல இடங்களும் உண்டு. எது நல்லது என்று கண்டுபிடிக்க இந்தக் கேள்விகளைத் தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்.

1. இந்த இடம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு செய்யப்பட்டதா? பதிவு இலக்கம் என்ன?

2. இந்தப் படிப்புக்கு என்.வீ.கியூ. உண்டா? எத்தனையாம் படி? பட்டம் என்று சொன்னால், எந்தப் பல்கலைக்கழகம் வழங்குகிறது? அதை மானியங்கள் ஆணைக்குழு ஏற்கிறதா?

3. இதை முடித்தால் அடுத்து எந்தப் படிப்பில் சேரலாம்? அந்த இடத்தின் பெயரைச் சொல்லுங்கள். (பெயர் கேட்ட பிறகு, அங்கே போய் அவர்களிடமும் கேளுங்கள்.)

4. எந்த மொழியில் படிப்பிக்கிறீர்கள்? பரீட்சை எந்த மொழியில்?

5. ஒரு மெஷினுக்கு எத்தனை பிள்ளை? வாரத்தில் எத்தனை மணி நேரம் கை வைத்துப் பழகலாம்?

6. பரீட்சைக் கட்டணம், பதிவுக் கட்டணம் எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு? நடுவில் நின்றால் பணம் திரும்புமா? எழுத்தில் தருவீர்களா?

"இன்றைக்கே கட்டினால் பாதி விலை" என்று அவசரப்படுத்தினால் அன்று கட்டாதீர்கள். வீட்டுக்கு வந்து ஒரு இரவு தூங்கி எழுந்து யோசியுங்கள். எந்தத் தகுதியும் கேட்காமல் எல்லோரையும் சேர்த்துக்கொள்ளும் இடமாக இருந்தால் இரண்டு இரவு யோசியுங்கள்.

மகளையும் எண்ணுங்கள்

இங்கே நாங்கள் மனம் விட்டு ஒன்று சொல்ல வேண்டும். மகனுடைய படிப்புக்கு நகை அடகு போகிறது. மகள் அவனைவிட நல்ல பெறுபேறு எடுத்திருந்தாலும், "பொம்பளப் பிள்ளைய எப்படிங்க தூர அனுப்புறது" என்று கொழும்பில் ஒரு வீட்டு வேலைக்கோ ஆடைத் தொழிற்சாலைக்கோ அனுப்பி விடுகிறார்கள். அதுவும் தூரம்தானே? வேலைக்குத் தூரம் போகலாம், படிப்புக்குப் போகக் கூடாதா?

1946 இல் அமெரிக்காவில் எனியாக் என்ற பெரிய கணனியை மக்களுக்குக் காட்டினார்கள். அதற்கு நிரல் அமைத்த முதல் குழுவில் ஆறு பேர். ஆறு பேரும் பெண்கள். கணனி வேலைக்கு உடல் பலம் வேண்டாம். பொறுமையும் நுணுக்கமும் வேண்டும். மழையிலும் பனியிலும் அரும்பு பார்த்துப் பறிக்கிற கைகளுக்குப் பிறந்த பிள்ளைகளுக்கு அந்த இரண்டையும் நாங்கள் சொல்லித்தர வேண்டியதில்லை.

இயந்திரமே எழுதினால் மனிதன் எதற்கு?

போன கூட்டத்தில் ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: "இப்ப செயற்கை நுண்ணறிவே நிரல் எழுதுதே. நாங்க படிச்சி முடிக்கிறதுக்குள்ள வேலையே இல்லாம போயிடாதா?" நல்ல கேள்வி. 2022 கடைசியில் சட்ஜிபிடி வந்ததிலிருந்து உலகமே கேட்கிற கேள்வி அது.

அவளுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறோம். தோட்டத்தில் பழைய தராசு போய் இலக்கத் தராசு வந்தது. அது தானாகவே எடையைக் காட்டுகிறது. அதனால் நீங்கள் கணக்குப் பார்ப்பதை நிறுத்திவிட்டீர்களா? கூடைக்கு எவ்வளவு கழித்தார்கள், ஈரத்துக்கு எவ்வளவு கழித்தார்கள் என்று கணக்குத் தெரிந்த ஒருத்தி பக்கத்தில் நின்றால்தான் கிலோ சரியாக விழும். இதுவும் அப்படித்தான். இயந்திரம் வரிகளை எழுதும். என்ன வேண்டும் என்று சொல்லவும், எழுதியது சரிதானா என்று பார்க்கவும், தவறினால் பொறுப்பேற்கவும் விஷயம் தெரிந்த மனிதர் வேண்டும். ஆனால் ஒன்று உண்மை. வெறும் தட்டச்சும் வெறும் பார்த்து எழுதும் வேலையும் குறையும். ஆகவே ஆறு மாதப் படிப்போடு நிற்பவருக்குத்தான் ஆபத்து அதிகம். அடுத்த கதவு எது என்று கேட்கச் சொல்வதன் காரணம் இப்போது இன்னும் நன்றாக விளங்கும்.

கணனி படித்தால் உடனே பெரிய சம்பளம் என்றும் நாங்கள் சொல்ல மாட்டோம். முதல் வேலை கிடைப்பதுதான் கஷ்டம். முதல் சம்பளமும் சிறிதாகவே இருக்கும். அறை வாடகை, சாப்பாடு போக வீட்டுக்கு அனுப்ப மிஞ்சாமலும் போகலாம். அந்த ஒன்றிரண்டு வருடத்தைத் தாங்க வீட்டில் என்ன ஏற்பாடு என்று, பிள்ளை படிக்கப் போகும்போதே உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

அந்தப் பையன் இப்போது

முதலில் சொன்ன அந்தத் தாயையும் மகனையும் மறந்துவிடவில்லை. அவன் கொழும்பில் ஒரு கணனிக் கடையில் இருக்கிறான். கூட்டிப் பெருக்கச் சேர்ந்தவன், இப்போது மெஷின் திறந்து திருத்துகிறான். தீபாவளிக்கு வந்தபோது அவனோடு உட்கார்ந்து பேசினோம். பெறுபேற்றுத் தாளைப் பார்த்தோம். சாதாரண தரத்தில் கணிதம் சித்தியில்லை. பணம் வாங்கிச் சேர்த்த இடம் அதை ஒரு வார்த்தை கேட்கவே இல்லை.

இப்போது அவன் இரண்டு காரியம் செய்கிறான். கையில் பழகிய தொழிலைக் காட்டி முன்கற்றல் முறையில் என்.வீ.கியூ. எடுக்க விண்ணப்பித்திருக்கிறான். தனிப்பட்ட பரீட்சார்த்தியாகக் கணிதத்தைத் திரும்ப எழுதியிருக்கிறான். இரண்டுக்கும் முடிவு இன்னும் வரவில்லை. வந்ததும் இந்தப் பக்கத்திலேயே சொல்கிறோம். அவனுடைய தாயார் அந்தப் பழைய சான்றிதழைத் தூக்கி எறியவில்லை. "இருக்கட்டும்ங்க, அடுத்த பிள்ளைய சேர்க்கிறப்ப எடுத்துப் பாக்கலாம்" என்று பெட்டிக்குள் வைத்திருக்கிறார்.

உங்கள் பிள்ளையின் பெறுபேற்றுத் தாளையும், சேர நினைக்கும் இடத்தின் விபரத்தையும் எடுத்துக்கொண்டு எமது கல்விப் பிரிவுக்கு வாருங்கள். பணம் கட்டிய பிறகு அல்ல, கட்டுவதற்கு முன் வாருங்கள். சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம்.